பத்து வருடங்களுக்குப் பிறகு

கூரியர்காரர்கள் போன் செய்தால் என்னிடம் வழி கேட்க மாட்டார்கள். "பாப்பா, அம்மாகிட்ட போனைக் குடும்மா" என்பார்கள். எனக்கு 36 வயது. என் மகளுக்கே ஒன்பது ஆகிறது. ஆரம்பத்தில் "நான்தாங்க அம்மா" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நம்ப மாட்டார்கள். இப்போதெல்லாம் "இருங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு, ரெண்டு வினாடி சும்மா இருந்து, குரலைக் கொஞ்சம் இறக்கி, "ம், சொல்லுங்க" என்கிறேன். வேலை சுலபமாக முடிகிறது.

இந்தக் குரல்தான் இருபத்தைந்து வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது. கார்ட்டூனில் மரத்திலிருந்து விழுகிற பையன், டப்பிங் சீரியலில் "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று கேட்கிற பையன், ரேடியோ விளம்பரத்தில் பிஸ்கட்டுக்கு அடம்பிடிக்கிற பையன். பெரும்பாலும் பையன்கள்தான். நிஜப் பையன்கள் ஊரில் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கூப்பிடுகிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன். அதற்கு முன்னால், ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரை, என் முகமும் சம்பாதித்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு அம்பத்தூரில். அப்பாவுக்கு அங்கிருந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை. பக்கத்து போர்ஷனில் இருந்த மாமா ஷூட்டிங்குகளுக்குச் சாப்பாடு எடுத்துப் போகும் வேனில் வேலை பார்த்தார். 1995-ல் ஒரு பக்தித் தொடரில் பாலமுருகனாக நடிக்க வேண்டிய பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. மறுநாள் ஷூட்டிங். மாமா ராத்திரி பத்து மணிக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த என்னை லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணு பெருசா இருக்கு, போதும்" என்றார். என் கலைப்பயணம் தூக்கத்தில் தொடங்கியது என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

முருகனாகப் பெண் குழந்தை நிற்பது நம் சினிமாவுக்குப் புதிதும் இல்லை. ஸ்ரீதேவி குழந்தையாக அறிமுகமான 'கந்தன் கருணை'யில், 1967-ல், போட்டது முருகன் வேஷம்தான். அதற்கும் பத்து வருஷம் முன்னால் 'யார் பையன்' படத்தில் அந்தப் பையனாக வந்தது டெய்சி இரானி என்கிற சிறுமி. எனக்கு வாய்த்த கிரீடம் அட்டையில் செய்தது. காதுக்கு மேலே அறுத்துக்கொண்டே இருந்தது. வேல் என் உயரத்துக்கு ரெண்டு மடங்கு. "ஞானமே எனக்குத் தாயும் தந்தையும்" என்பது போல ஏதோ ஒரு வசனம், அர்த்தம் புரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னேன்.

டைட்டிலில் என் பெயருக்கு முன்னால் 'பேபி' வந்தது. பையன் என்றால் 'மாஸ்டர்', பெண் என்றால் 'பேபி'. அந்தப் பட்டத்தை யார் கொடுக்கிறார்கள், எப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள் என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. குட்டி பத்மினி 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் இரட்டையராக நடித்தது 1965-ல். அவர் வளர்ந்து, தயாரிப்பாளராகி, சீரியல்களே எடுத்த பிறகும் பெயரில் குட்டி அப்படியே இருக்கிறது. என் பேபி அவ்வளவு கெட்டியாக ஒட்டவில்லை.

நான் தெருவில் அடையாளம் தெரிகிற ஆளானது 1998-ல் தொடங்கிய ஒரு தினசரித் தொடரில். பெயர் வேண்டாம். அதில் நான் அம்மு. அப்பா கைவிட்ட வீட்டில், அம்மாவுக்குத் தைரியம் சொல்லும் ஒன்பது வயதுப் பெண். ஒன்பது வயதில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், ஆனால் தமிழ்நாட்டில் மாலை நேரத்தில் அப்படிப் பேசினால் அழுவார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாத பாட்டிகள் என் கன்னத்தைக் கிள்ளி, "உங்கப்பன் திரும்பி வந்துருவான்டி" என்று ஆறுதல் சொன்னார்கள். பக்கத்தில் என் சொந்த அப்பா டிக்கெட்டோடு நின்றுகொண்டிருப்பார்.

ஷூட்டிங் சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ வாடகைக்கு விடுகிற ஏதாவது ஒரு பங்களாவில். ஒரே ஹாலில் சோபா உறையை மாற்றினால் வில்லி வீடு, திரும்ப மாற்றினால் எங்கள் வீடு. வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவி இயக்குநர் வரிவரியாகச் சொல்லுவார், நாங்கள் அதைக் காதில் வாங்கி முகத்தில் உணர்ச்சியோடு திருப்பிச் சொல்லுவோம். ப்ராம்ப்டிங். பெரிய நடிகர்களுக்குக்கூட அது பழகச் சில நாள் ஆகும். எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற மாதிரிதானே.

ஒரு நாள் மட்டும் எதுவும் வரவில்லை. அழ வேண்டிய காட்சி. கிளிசரின் போட்டதில் கண் எரிந்து மூடிக்கொண்டது, அழுகை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு உதவி இயக்குநர் வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "உங்கம்மா கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிப் போயிட்டாங்க பாப்பா" என்றார். வாசலைப் பார்த்தேன், அம்மாவின் பை இல்லை. அவ்வளவுதான். ஒரே டேக்கில் ஓகே. மொத்த யூனிட்டும் கைதட்டியது. திரும்பினால் அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பையோடு வருகிறாள். ஒளிந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், ஒளிந்திருக்கிறாள். அந்த எபிசோடுக்கு நிறையக் கடிதம் வந்தது. அம்மாவும் நானும் அதைப் பற்றிக் கடைசிவரை பேசியதில்லை.

சாயங்காலங்களில் வடபழனி பக்கம் டப்பிங். ஏன் எல்லாவற்றையும் திரும்பப் பேச வேண்டும் என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். ப்ராம்ப்ட் செய்கிறவர் குரலும் சேர்ந்துதானே பதிவாகியிருக்கும்? அது போக ஆட்டோ ஹாரன், ஜெனரேட்டர், மாடியில் யாரோ ஆணி அடிப்பது. ஷூட்டிங்கில் பதிவாகும் சத்தம் பைலட் ட்ராக், வழிகாட்ட மட்டும். இருட்டறையில் திரையைப் பார்த்து, வாயசைவுக்குச் சரியாக, உணர்ச்சியை மறுபடி உண்டாக்கிப் பேசினால்தான் அது வசனம்.

ஷூட்டிங்கை விட எனக்கு அந்த அறைதான் பிடித்தது. ஏசி இருந்தது என்பது முதல் காரணம். ரெண்டாவது, மேக்கப் கிடையாது. மூன்றாவது, அங்கே யாரும் என் கன்னத்தைக் கிள்ளவில்லை. அப்போதெல்லாம் ஒரு காட்சியில் எத்தனை பேர் பேசுகிறார்களோ அத்தனை பேரும் ஒரே மைக் முன்னால் நிற்போம். என் உயரத்துக்கு மைக் எட்டாது என்று ஒரு மர ஸ்டூல் போட்டிருந்தார்கள். உன் முறை வரும்போது மைக்குக்கு வர வேண்டும், முடிந்ததும் செருப்பில்லாத காலால் சத்தமில்லாமல் விலக வேண்டும், அடுத்தவர் உன் தோளுக்கு மேலாக எட்டிப் பேசுவார். கடைசி ஆள் சொதப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. அதனால் யாரும் சொதப்பக்கூடாது என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள்.

தொடரில் என் அம்மாவாக வந்தவர் பெங்களூர்ப் பெண்மணி. அவருக்குக் குரல் கொடுத்தவர் வேறொரு அக்கா. பெயர் போட்டால் திட்டுவார், அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். பருமனான உடம்பு, முழங்கால் வலி, வாயில் எப்போதும் கிராம்பு. திரையில் இருபத்தெட்டு வயது அழகி விம்முவாள், இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அந்த விம்மலை விடுவார். பஸ் ஏறிப் போன அந்தக் காட்சிக்கு டப்பிங் வந்தபோது நான் மைக் முன்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா என்ன ஏது என்று கேட்கவில்லை. "அழுகைங்கிறது மூச்சுடி கண்ணு" என்றார். "உள்ள இழுக்கும்போது மூணா உடைச்சு இழு. தாடையைத் தளர விடு. வயித்துல கை வச்சுப் பாரு, குலுங்குதா? அவ்ளோதான். மனசு எதுக்கு, அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இன்றுவரை அழுகிறேன்.

2000-ம் வருஷம், ஆறாம் வகுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை ஊஞ்சல் காட்சி எடுத்தார்கள். நான் ஊஞ்சலில் ஆட வேண்டும், வசனம் இல்லை. இயக்குநர் திரும்பத் திரும்ப ஒன்றே சொன்னார்: "நல்லா வேகமா முன்னால வா. முகம் பெருசாத் தெரியணும். அப்புறம் பின்னால போயிடு. ஃபிரேமை விட்டே போயிடணும்." ஏழு டேக். எனக்கு ஜாலி. சம்பளம் வாங்கிக்கொண்டு ஊஞ்சல் ஆட யாருக்குக் கசக்கும். மேக்கப் அக்கா அன்றைக்கு எனக்குச் சாக்லேட் கொடுத்தார். ஏன் என்று தோன்றவில்லை.

அடுத்த வாரம் எங்களுக்கு கால்ஷீட் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஊஞ்சல் காட்சி ஒளிபரப்பான அன்று பள்ளிக்கூட யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான் வேகமாக முன்னால் வந்தேன். முகம் பெரிதாகத் தெரிந்தது. பின்னால் போனேன். ஃபிரேமில் வெற்று ஊஞ்சல் கயிறு. 'பத்து வருடங்களுக்குப் பிறகு' என்று எழுத்து வந்தது. ஊஞ்சல் திரும்பி வந்தபோது அதில் பாவாடை தாவணியோடு வேறு ஒரு அம்மு உட்கார்ந்திருந்தாள்.

யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அம்மா எழுந்து போய் டிவியை அணைத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, திரும்பப் போட்டாள். புது அம்மு வாயைத் திறந்தாள். யார் குரல் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டப்பிங்கில் என் பக்கத்தில் நிற்கும் ஒரு காலேஜ் அக்காவுடையது. "ஏய், இது அந்தக்கா!" என்று கத்தினேன். அப்போதுகூட நான் அழவில்லை. அம்மாதான் முந்தானையை எடுத்தாள்.

பத்து நாளில் கிராம்பு அக்காவிடமிருந்து போன் வந்தது. வேறொரு சீரியலில் ஏழு வயதுப் பையனுக்குக் குரல் வேண்டும், நடிக்கிற பையனுக்கு 'ர' வரவில்லை, இவளை அனுப்ப முடியுமா. போனேன். ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது.

இங்கே அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பையன்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல்வளை பெரிதாகி, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். பெண்களுக்கும் இறங்கும், ஆனால் மூன்று ஸ்வரஸ்தானம் போலத்தான். ஆகவே கதாபாத்திரம் ஏழு வயதிலேயே நிற்க வேண்டுமென்றால் பெண்ணைப் பேச வைப்பது உத்தமம். உலகம் முழுக்க இதே கதை. அமெரிக்க கார்ட்டூன் பையன் பார்ட் சிம்ப்சனாக 1987-லிருந்து பேசுவது நான்சி கார்ட்ரைட் என்கிற பெண். ஜப்பானில் மசாகோ நொசாவா என்கிற அம்மாள் 1986-ல் 'டிராகன் பால்' கார்ட்டூனின் நாயகன் கோகுவாகப் பேச ஆரம்பித்தவர், 2024-ல் வந்த தொடரிலும் அவரேதான் கோகு, அப்போது அவருக்கு 87 வயது. முழங்கால் வலிக்கும்போதெல்லாம் நான் அந்த அம்மாளை நினைத்துக்கொள்வேன்.

படிப்பு, பி.காம்., கல்யாணம் எல்லாம் இதற்கு நடுவில் நடந்தன. முகத்தையும் ரெண்டு முறை திரும்ப முயற்சி செய்தேன், மறைக்கவில்லை. இருபது வயதில் ஒரு தேர்வில், "குழந்தை முகம் போகவே இல்லையே" என்றார்கள். இன்னொன்றில், "அம்மு மூஞ்சி அப்படியே இருக்கு, ஆடியன்ஸுக்கு ரொமான்ஸ் ஒட்டாது" என்றார்கள். கடைசியில் கதாநாயகியின் தோழியாக நாற்பது எபிசோடு, டீ கொண்டுவந்து கொடுத்து, "என்னடி யோசிக்கிற?" என்று கேட்கும் வேலை. நாற்பது தடவை கேட்டேன். அவள் என்ன யோசித்தாள் என்று கடைசிவரை தெரியாது.

முகம் கிடைக்கும்வரை குரலில் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தது விக்ரம். குழந்தை நட்சத்திரமாக வந்து ரெண்டையும் விடாமல் வைத்திருந்தவர் ரோகிணி. 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலா பேசுவது அவர் குரலில். அந்தப் படத்தை நான் டப்பிங் பாடம் போல எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அந்தக் குரல் ஒரு இடத்தில்கூட "நான் வேறு ஆள்" என்று காட்டிக்கொடுக்காது.

கார்ட்டூன்கள் தமிழ் பேச ஆரம்பித்தது எங்களுக்குப் பெரிய திருப்பம். 2007-ல் சுட்டி டிவி வந்த பிறகு குழந்தைக் குரல்களுக்கு அப்படி ஒரு தேவை. சீரியலில் ஒரு நாளைக்கு நாலு வரி பேசியவள், கார்ட்டூனில் ஒரே உட்காரலில் ஒரு எபிசோடு முழுக்கப் பேசினேன். உட்காரல் என்பது பேச்சுக்கு, நிற்பதுதான். வேலையும் மாறிவிட்டது. கம்ப்யூட்டர் வந்ததும் ஆளாளுக்குத் தனித்தனி நேரம். நான் காலை பத்து மணிக்குக் கேட்கிற கேள்விக்கு என் "அண்ணன்" மறுநாள் மாலை வந்து பதில் சொல்வான். எங்கள் "அண்ணன் தம்பி" சண்டைகளைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தைகளுக்குத் தெரியாது, அந்த அண்ணனை நான் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வாயசைவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைக் கேட்பவர்கள்தான் அதிகம். ப, ம இரண்டும் உதடு மூடாமல் வராது. திரையில் உதடு மூடும் இடத்தில் நம் வசனத்திலும் மூட வேண்டும், திறந்திருக்கும் இடத்தில் திறந்திருக்க வேண்டும். 'மாம்' என்று அவன் சொன்னால் பிரச்சினை இல்லை, 'அம்மா' கச்சிதமாக உட்காரும். 'டாட்' என்று சொன்னால் தொலைந்தோம். அதில் உதடு மூடாது, 'அப்பா'வில் மூடும். நான் பேசிய பையன்கள் சிலர் வீட்டில் "டாடி" என்று கூப்பிட்டதற்குப் பாதிக் காரணம் இதுதான். என் அப்பா ஒரு நாள் டிவியைப் பார்த்துவிட்டு, "ஏன், தமிழ்ல அப்பாங்கக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார். அதன் பிறகு பையன் முதுகைக் காட்டி நிற்கும் இடம், தூரத்தில் ஓடும் இடம் எங்கே வந்தாலும் ஒரு 'அப்பா'வை நுழைத்துவிடுவேன். கவனித்துப் பாருங்கள்.

பேச்சைவிடக் கஷ்டம் சத்தங்கள். ஓடுவது, குதிப்பது, விழுவது, வாயில் சோற்றோடு கத்துவது. ரியாக்‌ஷன் என்போம். அலறல்களைக் கடைசிக்கு வைப்பது வழக்கம், அலறிய பிறகு குரலில் வேறொன்றும் மிச்சமிருக்காது. 2014-ல் ஒரு வாரம் தொடர்ந்து அலறியதில் காலையில் எழுந்தால் காற்றுதான் வந்தது. குரல் நாணில் சின்னக் காய்ப்பு என்றார் டாக்டர். மண்வெட்டி பிடித்தால் கையில் காய்க்கிற மாதிரி. ரெண்டு வாரம் மௌனம், அப்புறம் பேச்சுப் பயிற்சி. குசுகுசுவென்றும் பேசக்கூடாது, அதுவும் நாணுக்குச் சிரமம்தான் என்றார். வீட்டில் சிலேட்டு வாங்கினோம். என் கணவர் அந்த ரெண்டு வாரத்தை எங்கள் தாம்பத்தியத்தின் பொற்காலம் என்று இன்னமும் சொல்கிறார்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இது முழுக் கதை ஆகாது. அம்மா ஒரு நீள நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருந்தாள். தேதி, இடம், எத்தனை மணி, எவ்வளவு, பாக்கி எவ்வளவு. அவள் போன பிறகு பரணில் கிடைத்தது. முதல் பக்கத்தில் 'பாப்பா முருகன் வேஷம் ரூ. 300'. கூடவே செலவுக் கணக்கும்: தம்பி ஸ்கூல் ஃபீஸ், பாட்டி கண் ஆபரேஷன், காம்பவுண்டு சுவர். அம்பத்தூர் வீட்டின் காம்பவுண்டு சுவர் முழுக்க நான் கட்டியது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கென்று ஒன்றும் போடப்படவில்லை. கடைசிப் பக்கங்களில் ஒரு இடத்தில் மட்டும் 'பாப்பாவுக்கு' என்று எழுதி, எதிரே தொகை எழுதாமல் விட்டிருந்தாள்.

சாப்ளினோடு 1921-ல் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், வளர்ந்த பிறகு சம்பாதித்ததெல்லாம் எங்கே என்று கேட்டு 1938-ல் தன் அம்மா மீதே வழக்குப் போட்டவர். அதன் விளைவாக அடுத்த வருஷமே கலிஃபோர்னியாவில் அவர் பெயரால் சட்டம் வந்தது. நம் நாட்டில் குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-ல்தான் குழந்தை நட்சத்திரங்களைப் பற்றித் தெளிவாக எழுதினார்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது, குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதையும் செய்ய வைக்கக்கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு போட வேண்டும். அம்மாவின் நோட்டில் நான் ஐந்து மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்த நாள்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு கைவிரல் போதும். ஆனால் என் அம்மா மேல் வழக்குப் போட எனக்கு மனசு வராது. அந்தச் சுவரில் சாய்ந்துதான் நான் எஸ்எஸ்எல்சிக்குப் படித்தேன்.

இப்போது சில வருஷமாக குழந்தைகளைப் பேச வைக்கும் வேலையும் என்னிடம் வருகிறது, டப்பிங் இன்சார்ஜ். 2020 மே மாதத்தில், ஊரடங்குக்கு நடுவே, ஐந்து பேர் வரை வைத்து டப்பிங் செய்யலாம் என்று அரசு அனுமதித்தபோது, முகக்கவசத்தோடு ஒரு எட்டு வயதுப் பையன் வந்தான். நிஜப் பையனின் குரலே வேண்டும் என்று அந்த கார்ட்டூன்காரர்கள் கேட்டிருந்தார்கள். முதல் நாளே அழுகைக் காட்சி. அவன் அம்மா என்னிடம் மெதுவாக, "நான் வெளிய போயிடவா மேடம்? நான் இல்லேன்னா அழுவான்" என்றார். "நீங்க உள்ளயே உட்காருங்க" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. பையனிடம் கிராம்பு அக்காவின் பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். மூணா உடைச்சு இழு. தாடையைத் தளர விடு. அவன் விம்மினான், விம்மி முடித்துவிட்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

அவன் சிரிப்புதான் அந்தத் தொடரையே தூக்கி நிறுத்தியது. நாலு சீசன் பேசினான். போன வருஷம் ஐந்தாவது சீசன் நடுவில் "நான் வரமாட்டேன் போ" என்கிற வரியில் 'போ' மட்டும் தனியாக ஒரு ஆம்பளைக் குரலில் கீழே விழுந்தது. இன்ஜினியர் சிரித்துவிட்டார். பையனும் சிரித்தான், அதுவும் ரெண்டு குரலில் வந்தது.

கார்ட்டூனில் அந்தப் பாத்திரத்துக்கு வயது ஏழு. என்றைக்கும் ஏழு. மிச்ச எபிசோடுகளை நீங்களே பேசிவிடுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். "அவனுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றேன். "முதல்ல டெலிவரி முடியட்டும் மேடம், அப்புறம் சொல்லிக்கலாம்." "நான் சொல்றேன்" என்றேன்.

இன்னொரு யோசனையும் வந்தது அவர்களிடமிருந்து. அவன் பழைய பதிவுகளை வைத்து ஏஐ-யில் அந்தக் குரலையே செய்துகொள்ள முடியுமே என்று. 2024-ல் 'லால் சலாம்' பாட்டுக்காக, காலமான பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் அப்படித்தான் உண்டாக்கினார்கள், ஆனால் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்தோம் என்று ரஹ்மான் சொன்னார். இவன் உயிரோடு, எட்டாம் வகுப்பில் இருக்கிறான், அவனிடம் கேளுங்கள் என்றேன். பேச்சு அதோடு நின்றது. எத்தனை நாளைக்கு நிற்கும் என்று தெரியாது.

பையனையும் அவன் அம்மாவையும் ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னேன். வளர்ந்திருந்தான், உதட்டுக்கு மேல் பென்சிலால் கோடு போட்ட மாதிரி மீசை. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மைக் ஸ்டாண்டைத் திருகிக்கொண்டிருந்தான். "அப்ப நான் இனிமே என்ன பண்றதுக்கா?" என்றான். ஒரு வருஷம் குரலைப் போட்டு இழுக்காதே, பொய்க்குரலில் பழைய மாதிரி பேசிப் பார்க்கவே கூடாது. கும்பல் சத்தங்களுக்குக் கூப்பிடுகிறேன், வா. ஸ்கிரிப்ட்டைத் தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொள். குரல் ஒரு இடத்தில் உட்கார்ந்த பிறகு என்ன குரல் என்று பார்த்துக்கொள்ளலாம், அதுவரை எட்டாம் வகுப்பைப் படி. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், சொன்னேன்.

"உங்களுக்கு யார் சொன்னாங்க, சின்ன வயசுல?" என்றான். அவன் அம்மா அம்முவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் போல.

"டிவி சொல்லுச்சு" என்றேன்.

அன்றைக்கே முதல் எபிசோடை எடுத்தோம். அவன் போக மாட்டேன் என்று இன்ஜினியர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். நான் ஒரு வாரமாக அவனுடைய பழைய பதிவுகளைக் கேட்டுப் பழகியிருந்தேன். வசனங்கள் சரியாக வந்தன. சிரிப்பு வந்தது. நன்றாகவே வந்தது என்று எனக்குத் தோன்றியது. இன்ஜினியர் பக்கமிருந்து எங்களோடு பேசுகிற டாக்பேக் மைக்கில் கரகரவென்று அவன் குரல் கேட்டது.

"அக்கா, அது இல்ல. சிரிக்கிறதுக்கு முன்னாடி நான் மூக்கால ஒரு இழு இழுப்பேன். நீங்க அதை விட்டுட்டீங்க."

இன்ஜினியர் பின்னால் ஓட்டிவிட்டு, "போலாமா மேடம்?" என்றார். விளக்கு எரிந்தது. மூக்கால் ஒரு இழு இழுத்தேன்.